இரண்டு கையும் ஹேண்டில்பாரில்

அம்மா,

இன்று காலை அரியலூரில், லைசன்ஸ் தேர்வு நடக்கும் மைதானத்தில் நின்று உன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினேன். உள்ளே பஞ்சில் உன் தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. அதோடு லேசாக மீன் வாசமும். கழுவிக் காயப் போடச் சொல்லிச் சித்தி தினமும் திட்டுகிறாள். நான் கழுவவில்லை. வாரை இறுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்ற ஆண்களின் வரிசையைப் பார்த்தேன். நீயும் இதே வரிசையில்தான் நின்றாய்.

அப்பா இறந்த வருடம் நான் பத்தாவதோடு படிப்பை விட்டேன். திருமானூரில் மீன் எடுத்து அரியலூர்ச் சந்தையில் விற்க உன்னோடு வரத் தொடங்கினேன். பஸ்ஸில் பெட்டியை ஏற்ற விட மாட்டார்கள். "பஸ்ஸே நாறிப்போவும், எறங்கும்மா" என்று கண்டக்டர் விசில் அடிப்பார். அதனால்தான் நீ அந்தப் பழைய ஸ்கூட்டரை வாங்கி, விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாய். லைசன்ஸ் பற்றி இருவருமே யோசிக்கவில்லை, போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தும் வரை.

"லைசன்ஸ் எடும்மா."

"எடுக்கணும் சார்."

"அது எப்பவோ எடுத்துக்க. இப்ப காட்டு." என் பக்கம் திரும்பினார். "பின்னாடி இருக்கறதுக்கும் ஹெல்மெட் இல்ல. ஓம் புள்ள மண்ட என்ன இரும்பா?"

அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை இப்படிப் பார்த்தால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்றார். போகும் வழியெல்லாம் நீ என்னைத்தான் திட்டினாய். "நீ ரெண்டு சொட்டு கண்ணீர் வுட்டிருந்தா பேசாம அனுப்பியிருப்பாரு. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி போனால் மீன் வியாபாரம் போச்சு. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அதற்குப் பிறகு எனக்கும் ஒரு ஹெல்மெட் வந்தது. உனக்குப் பழகுநர் உரிமமும் வந்தது. சர்ச்சு மைதானத்தில் நான் சாம்பலால் எட்டு வரைய, நீ சேலையைச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாய். கால் ஊன்றக் கூடாது, இரண்டு கையும் ஹேண்டில்பாரை விட்டு வரக் கூடாது. கால் உனக்குச் சீக்கிரம் படிந்தது. கைதான் படியவில்லை.

நம் ஊர் தாண்டி வளைவில், குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த ஒரு கெபி இருக்கிறதே, அந்த இடம் வந்தால் உன் வலது கை தானாக எழும்பி சிலுவை போடும். அதே கைதான் ஆக்சிலேட்டரையும் பிடித்திருக்கும். கை எடுத்ததும் வண்டி திணறி நின்றுவிடப் பார்க்கும். பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் லாரியின் முகம் பெரிதாகிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி தராசை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பேன். சொல்ல வாய் வராது.

ஒரு நாள் வண்டி ஆடி, நாம் சாலை ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டோம். உரசுவதுபோல் கடந்த லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, கும்புடுறதுன்னா ஓரங்கட்டிட்டுக் கும்புடு! நேரா மேலயே போயிப் பாக்கப் போறியா?"

அன்றுதான் நான் உன்னிடம் வாயைத் திறந்தேன். "கைய எடுக்காதம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"மாதாவப் பாத்தும் பாக்காத மாதிரி போவச் சொல்றியா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவேன்?"

"நான் போடுறேன். ஒனக்கும் சேத்து."

மறுநாள் வளைவு வந்ததும் கட்டைவிரலால் உன் முதுகில் சிலுவை போட்டேன். உன் தோள் எழும்பி மறுபடியும் அடங்கியது. கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "சின்னதாப் போட்டுட்ட. நல்லா பெருசாப் போடு" என்றாய்.

தேர்வன்று நான் உன் பின்னால் உட்கார முடியாது. வேலிக்கு வெளியே, பைக் பையன்கள் நடுவில் ஒதுங்கி நின்றேன். உன் முறை வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. நீ எட்டின் முதல் வளைவைச் சுற்றி நடுவுக்கு வந்தபோது தூரத்தில் சர்ச்சில் மணி அடித்தது. பன்னிரண்டு மணி. அந்த மணி கேட்டால் நீ மீன் கழுவும் கையோடேயே சிலுவை போடுகிறவள். உன் வலது கையின் விரல்கள் பிரிவதைப் பார்த்தேன்.

"அம்மா! நான் போட்டுட்டேன்! நீ ஓட்டு!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவன் "பாப்பா எதயோ போட்டுருச்சாம்டா" என்றான். சிரித்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, உன் கையை மட்டும் பார்த்தேன். விரல்கள் மறுபடி மூடின. இரண்டாவது வளைவையும் சுற்றி, கால் ஊன்றாமல் வெளியே வந்தாய். ஆய்வாளர் தலையாட்டினார். நீ நேராக என்னிடம் வந்து, "இம்மாம் பெரிய தொண்டைய எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது.

லைசன்ஸ் வந்த பிறகு ஒரு வருடம்கூட நீ வண்டி ஓட்டவில்லை. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாய். எனக்குப் பதினெட்டு முடியும் வரை வண்டி சாக்குப் போர்த்தி நின்றது. அப்புறம்தான் பழகுநர் உரிமம் எடுத்து, அதே சர்ச்சு மைதானத்தில் ஓட்டப் பழகினேன். சித்தப்பா எப்போதாவது கொண்டுபோய் விடும் நாளில்தான் வியாபாரம். சந்தையில் உன் இடத்தில் பக்கத்துக் கடை அக்கா தன் கூடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்று என் முறை வந்தது. முதல் வளைவு நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதில் வண்டி சாய்ந்து, இடது கால் தரையில் பட்டுவிட்டது.

"ஊனிட்ட. அப்பறமா ஒரு நாள் வா" என்றார் ஆய்வாளர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்தவன் வண்டியை முறுக்கிச் சத்தம் காட்டினான். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எனக்காகக் கத்த அங்கே யாரும் இல்லை. திரும்ப வருவதற்குள் அந்தக் கூடை உன் இடம் முழுவதையும் பிடித்துவிடும்.

"சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

"சார்! இன்னொரு வாட்டி குடுங்க சார். இப்பவே ஓட்டிக் காட்டுறேன்."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அவரும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை மைதானத்தின் பக்கம் நீட்டினார். "கடைசியா ஒரு தடவ. ஓட்டு."

ஓட்டினேன் அம்மா. கால் படவில்லை.

லைசன்ஸ் அட்டை தபாலில் வருமாம். அது வந்ததும் திருமானூருக்கு நானே போய் மீன் எடுக்க வேண்டும். சந்தைக்குப் போய் அந்த அக்காவிடம் கூடையை நகர்த்தச் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. உனக்காக முதலில் வெளியே வந்த குரல் என்னிடம்தான் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.