இன்னைக்கு முடியாதுங்க

என் செல்ல மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே நீ சுகமா என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், போனில் எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்பாய். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்ததும் அரசாங்கம் ஆளாளுக்கு அவரவர் கணக்கில் போடும் பணம் மனுஷனைக் கெடுத்துவிடும், அப்பா இனி பெயிண்ட் பிரஷைத் தொடவே மாட்டார் என்று போனில் சொல்லியிருந்தாய். உன் அப்பாவும் உன் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார். பணம் வந்த முதல் வாரம் முழுக்கக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மல்லாந்து கிடந்தால் கண் எங்கே போகும், ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவர் நம் வீட்டுக் கூரையில் பெயிண்ட் உரிந்து தொங்குவதை அப்போதுதான் பார்த்தார். பொறுக்க முடியாமல் எழுந்து அடித்து முடித்துவிட்டு வேலைக்கும் கிளம்பிவிட்டார், கூலியை இழுத்தடிக்கும் அந்தக் காண்ட்ராக்டரிடம் மட்டும் போவதில்லை. சோம்பேறியே கிடையாது என்று பொய் சொல்ல மாட்டேன், உன் சித்தப்பா கேரம் போர்டே கதி என்று கிடக்கிறார், ஆனால் பணம் வருவதற்கு முன்னாலும் அவர் அங்கேதான் கிடந்தார். தங்கச்சி துணிக்கடைக்குப் பில் போடப் போவதை நிறுத்திவிட்டுப் படிக்கிறாள், கணக்கில் தேறிவிட்டாள், வாய்தான் கொஞ்சம் நீளம், அது உன்னிடமிருந்து வந்தது.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் கடிதமே. ஓட்டல் விரிப்புகளை இஸ்திரி போடும் எங்கள் கூடத்தில் வேலை முடியும் நேரம் சூப்பர்வைசர் வாசலில் நின்று விரலை நீட்டுவார் என்று உனக்குத் தெரியும். யாரைக் காட்டுகிறாரோ அவர்கள் தங்கி இன்னும் அரை ஷிப்ட் பார்க்க வேண்டும், மாட்டேன் என்றால் மறுநாள் வேலை இல்லை. என் கை வேகம் என்பதால் அந்த விரல் என்மேல்தான் வந்து நிற்கும். உன் பள்ளிக்கூட நாளெல்லாம் நீ தூங்குகிற முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. போன வாரம் மறுபடி விரல் நீண்டது. என்ன ஆனாலும் இந்த மாதம் அடுப்பு எரியும் என்ற தைரியத்தில், இன்னைக்கு முடியாதுங்க, வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவளைக் காட்டினார், எனக்கும் முடியாதுங்க என்றாள். அப்புறம் அந்த விரல் கூடத்தையே சுற்றி வந்து, நிற்க இடமில்லாமல் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அன்றைக்கு முதலாளியும் சூப்பர்வைசரும் தாங்களே இஸ்திரி போட்டார்களாம், போட்டதைவிடக் கருக்கியது அதிகமாம். முதலாளி வெளியில் ஆள் தேடியும் பார்த்திருக்கிறார், எல்லார் கணக்கிலும் பணம் விழும்போது அந்த விரலுக்குப் பயந்து வேலை செய்ய யாரும் கிடைக்கவில்லை. எங்களைத் துரத்துவார் என்று பார்த்தால், உட்காருங்கம்மா என்று நாற்காலி போட்டார். இனி தங்குவது எங்கள் இஷ்டம், தங்கினால் கூலியும் கூடுதல் என்று ஆகிவிட்டது. ஒருத்தியும் வேலையை விடவில்லை, நானும்தான். வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, பயந்து பயந்து செய்வதுதான் பிடிக்காமல் இருந்தது.

இனி உன் விஷயம். எங்களுக்கு அனுப்ப வேண்டுமே என்று நீ அங்கே லீவு கேட்கவே பயந்து வருஷக்கணக்காக வீட்டுப் பக்கம் வரவில்லை, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இனிமேல் பணம் அனுப்பாதே. கோபத்தில் சொல்லவில்லை, ஜெயித்த சந்தோஷத்தில் சொல்கிறேன். அந்தப் பணத்தில் டிக்கெட் எடு. உன் மேனேஜர் முகத்தைத் தூக்கினால் அம்மா சொன்ன மாதிரி தன்மையாகச் சொல், குரலை உயர்த்தாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய்.

ஒன்றை மறந்துவிடாதே, காலையில் வந்து இறங்காதே, மாலையில் வா. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் நீயே பூட்டைத் திறந்துகொண்டுதான் உள்ளே வந்தாய். இந்தத் தடவை கதவை நான் திறக்கிறேன்.

இப்படிக்கு,
சாயங்காலம் வீட்டில் இருக்கும்
உன் அம்மா