நிழலில் காயவேண்டிய ஓலை

ஆமத்தூர்
12.7.2006

அன்பு மகன் கதிரவனுக்கு, உன்னைப் பெறாமலே வளர்த்த பெருமைக்குரிய சித்தப்பா சங்கிலிமுத்து எழுதிக்கொண்டது. இங்கன நான், உன் சித்தி குருவம்மாள், தங்கச்சி ஓவியா மூணு பேரும் சுகம். மஸ்கட் வெயிலில் நீ கருகாமல் இருக்கிறாயா என்று உடனே எழுது.

நிற்க, நம்ம வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. சித்தி பட்டாசுக் கம்பெனியை விட்டு நின்று ஓலைப்பெட்டி முடைகிற பெண்கள் சங்கத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும், கம்பெனியில் வாங்கினதைப் போல ஒன்றரை மடங்கு கூலி, அதுவும் சனிக்கிழமை தவறாமல். போன மாசம் சென்னைக் கடை ஒன்று முந்நூறு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தது. நேரத்துக்கு அனுப்பினால் ஓவியா பாலிடெக்னிக்கில் சேரலாம், இல்லாவிட்டால் தீபாவளி சீசனுக்குத் தாயில்பட்டி கம்பெனி வேனில் ஏறவேண்டியதுதான். இப்பேர்ப்பட்ட நேரத்தில் நாடு என்னைச் சும்மா விடுமா? சாயம் ஏற்றின ஓலையைக் காயவைக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். முப்பது வருசம் பட்டாசு காயவைத்தவன்லே நான், சூரியனே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உதிப்பான். உச்சி வெயிலில் பரப்பிவிட்டேன். ஓலை நிழலில்தான் காயணுமாம், எவன் கண்டான்? சாயங்காலம் சாயமும் வெளுத்து, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. அண்ணாச்சி, ஓலை கேட்டா சரவெடி தாரீகளே என்றாள் சங்கத்தில் பெட்டி முடைகிற வள்ளித்தாய். அங்கன இருந்த ஆறு பொம்பளைகளும் சிரித்த சிரிப்பில் சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோனதாகக் கேள்வி.

லோடு கெட்டால் எல்லார் கூலியிலும் பிடித்தம், இதுதான் கம்பெனி வழக்கம் என்று தீர்ப்புச் சொன்னேன். உன் சித்தி நிமிராமலே, வேலை செஞ்சவுகளுக்குக் கூலி உண்டு, கெடுத்தவுக உக்காந்து புது ஓலை கிழிக்கட்டும் என்றாள். எட்டு நாள் கிழித்தேன். முதல் ரெண்டு நாள் கூலியில்லாத தண்டம், மீதிக்கு எனக்கும் அந்தப் பொம்பளைக வாங்குகிற கூலியே. ஆம்பளைக்குக் கொஞ்சம் கூடத்தானே என்று கேட்டுப்பார்த்தேன். மறுபடி ரயில் நின்றது.

பெட்டி முந்நூறும் ஒருநாள் முந்தியே லாரி ஏறிவிட்டது. நேற்றுக் காலை கம்பெனி வேன் நம்ம வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஓவியா அதைச் சுற்றிக்கொண்டு போய் பாலிடெக்னிக்கில் சேர விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள். சித்தி வெளியே வந்து டிரைவரிடம், இனிமே இந்த வாசல்ல ஹாரன் அடிக்காதீக, பிள்ளை படிக்கும் என்றாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

இருக்கன்குடி மாரி உன்னைக் கைவிடமாட்டாள், நேரத்துக்குச் சாப்பிடு. லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற வெள்ளைத்துரை கையில் ஓலைப்பெட்டி நிறையச் சேவு வருகிறது. சேவைத் தின்னு, பெட்டியை வெயிலில் வைக்காதே.

இப்படிக்கு,
ஓலை கிழிப்பவர் (வேலை இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை),
உன் சித்தப்பா சங்கிலிமுத்து