எஸ்தரக்காவின் சர்ச்சில் நான் தொழுத நாட்கள்

என் எஸ்தரக்காவுக்கு,

நீ போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. பேண்டேஜ் கம்பெனியில் உன் இடத்துக்குத் தளவாய்புரத்திலிருந்து ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். துணியை நன்றாகத்தான் மடிக்கிறாள். அவளோடு நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள்?

நான் வேலைக்கு வந்த புதிதில் மதியத் தொழுகைக்கு இடமில்லாமல் அலைந்தது உனக்கு நினைவிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வருகிறவள், நடுவில் வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வர முடியுமா? பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் கிடையாது. குடோனில் துணிக்கட்டுகளுக்கு நடுவே விரிப்பைப் போட்டேன். லோடு இறக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அதை நீ பார்த்துவிட்டாய்.

"ஏட்டி ரஹ்மத்து, எந்திரி. எங்கூட வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். கம்பெனிக்கு எதிரேதான் உங்கள் சர்ச். அதைப் பெருக்கித் துடைத்துப் பூட்டும் வேலை உன்னுடையது, சாவியும் உன்னிடம்.

உள்ளே வந்தும் தயங்கினேன். மேற்கே பார்த்து நின்றால் வாசல் எதிரே வருகிறது, சிலுவை நிற்கும் உங்கள் ஆல்டர் எனக்குப் பின்னால் போய்விடுகிறது. "முதுகக் காட்டிக்கிட்டு நிக்கணுமேக்கா, தப்பில்லியா?" என்று கேட்டேன்.

"அவரு முதுகுப் பக்கமிருந்தும் கேப்பாரு. நீ தொழு. எனக்குப் பசிக்கு" என்றாய்.

பின்பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். அப்படியே இரண்டு வருடம். ஒரு நாளாவது எனக்கு முன்னால் நீ சாப்பிட்டதுண்டா?

யாரோ பார்த்துவிட்டு என் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் என்னை நடுவீட்டில் நிறுத்திக் கேட்டார்கள். "அங்க எதுக்குப் போன? ஒன்ன மதம் மாத்தப் பாக்காளா அவ?" என்றார் அண்ணன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை, அக்கா. ஆனால் "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அவதான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனா" என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாளே அண்ணன் வந்து சர்ச் வாசலில் நின்று கத்தினார். உங்கள் கமிட்டி உன்னைக் கூப்பிட்டு விசாரித்தது. ரஹ்மத் விரும்பித்தான் வந்தாள் என்று நீ சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என் வீட்டில் என்ன நடக்குமென்று உனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. "அவ நெத்தி பட்டு நம்ம தரை என்ன தேஞ்சா போச்சு?" என்று மட்டும் கேட்டாயாம். வம்பு வேண்டாமென்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ பெருக்கிய சர்ச்.

அதற்குப் பிறகும் கம்பெனியில், "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டாய். நான்தான் தலையைத் தூக்கவில்லை. ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே போனாய். என்ன கேட்க வந்தாய், அக்கா?

கிட்னி கெட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பஸ் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போனது. இறங்கியிருக்கலாம். எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன்.

உன் அடக்க ஆராதனைக்குச் சர்ச்சுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றவளை உன் மகள் ஜெனிதான் உள்ளே கூட்டிப்போனாள். "சித்தி, அம்மா கடைசி வரைக்கும் ரஹ்மத்து வந்தாளா, ரஹ்மத்து வந்தாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கல்லறைக்குப் புறப்பட்டார்கள். கூட வர எனக்குக் கால் எழவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை நேரம். வெளிக்குழாயில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, சர்ச்சுக்குள்ளேயே தொழ நின்றேன். அழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்பது மறந்து மறந்து, மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முடித்து நிமிர்ந்தபோது, பூட்டுவதற்காகக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, எஸ்தரக்கா என்னய வற்புறுத்தல. நானா விரும்பித்தான் வந்தேன். வீட்ல நான் சொன்னது பொய்" என்றேன்.

"இத இப்ப எங்கிட்டச் சொல்லி என்னம்மா செய்ய? அவ இருக்கும்போதுல்ல சொல்லியிருக்கணும்" என்றார். நான் வெளியே வந்ததும் கதவைப் பூட்டினார்.

அன்று சாயங்காலமே வீட்டிலும் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. நேற்று, "அந்தம்மா வீட்ல இப்ப யாரு சமைக்கா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் பாஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். தொழ இடமில்லாதவளுக்கு எஸ்தர் இடம் கொடுத்தாள், பொய் சொன்னது நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். குரல் நடுங்கினாலும் முழுதும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். நீ என்னை மன்னித்தாயா என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்க மாட்டேன், அக்கா.

உன் ஜெனிக்குச் சித்தி, உனக்குத் தங்கச்சி,
ரஹ்மத்