தொரைக்கு நான் ஊற்றிய கடல் தண்ணீர்

இன்று காலை பட்டாணி தேடி ஐஸ்பெட்டியின் மேல்தட்டைக் கிண்டியபோது உங்கள் இறால் பொட்டலம் கையில் அகப்பட்டது. ஓடு உரித்து, சிறிது சிறிதாக நறுக்கி, ஒரு வேளைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தீர்கள். பிரித்ததும் அந்தக் கவிச்சி வாடை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் சட்டைகளில்கூட உங்கள் வாடை போய்விட்டது. இதில் போகவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒருநாள் வெங்காயம் நறுக்கித் தந்ததில்லை, தொட்டி மீனுக்கு மட்டும் இத்தனை பக்குவமா என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். "நீ பசிச்சா கேப்ப. அது கேக்குமா?" என்பீர்கள். அதற்குமேல் உங்களோடு சண்டை போட முடியாது. அதுதான் எனக்கு எரிச்சலே.

ஸ்பிரிங்வெளித் தேயிலை ஃபெக்டரியில் மோட்டார்களோடு நீங்கள் முப்பது வருஷம் மாரடித்த பிறகு பதுளை டவுனுக்கு வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள். நீங்கள் கடல் மீன் வளர்க்கக் கிளம்பினீர்கள், இந்த மலையில்! பைப் தண்ணீரில் உப்புத் தூளைக் கரைத்து, அளந்து அளந்து பார்த்து, முன்னறையில் நீங்களே ஒரு கடல் செய்தீர்கள். அதில் ஒரே ஒரு லயன் மீன். சிங்கத்துப் பிடரி போல் செட்டைகளை விரித்துக்கொண்டு, ஆளை மதிக்காமல் மூலையில் நிற்கும். "இவன் தொரை மாதிரியில்ல நிக்கிறான்" என்றீர்கள். தோட்டத்துத் தொரையின் பேர் அதற்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

வந்த புதிதில் அது செத்த இரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. துள்ளுவதைத்தான் பிடிக்கும். ஆற்றில் குட்டி மீன் பிடித்துப் போட்டால் தீர்ந்தது என்றேன். "ஆத்து மீனு இதுக்கு ஒத்துக்காது புள்ள. தின்னுகிட்டே இருந்தா ஈரல்ல கொழுப்பேறிச் செத்துப்போகும்." சரி, கடலிலிருந்தே உயிரோடு கொண்டுவந்தால்? "அது தனியா வராது. கூடவே நோயும் வரும்." பிறகு ஈர்க்குச்சி நுனியில் இறால் துண்டைக் குத்தி, உயிருள்ளது போல் தண்ணீருக்குள் ஆட்டி ஆட்டிக் காட்டினீர்கள். மூன்று வாரம் முட்டி வலிக்க நின்றீர்கள். கடைசியில் ஒருநாள் அது லபக்கென்று வாங்கியபோது நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

அப்படி ஆட்டுவது எனக்குக் கைவரவே இல்லை. நெஞ்சில் நீர் கோத்து நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததும் ஈர்க்குச்சி என் கைக்கு வந்தது. நான் ஆட்டினால் தொரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் நீங்களும் கஞ்சியைத் தள்ளிவைத்தீர்கள், வீட்டில் அதுவும் தின்னவில்லை. எனக்கு யார் பட்டினி கிடந்தாலும் தாங்காது, உங்களுக்குத் தெரியும். "ஒரு வாரம் தின்னாட்டி அது சாகாது. உயிரோட மட்டும் எதையும் போட்டுறாத" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வெலிமடையிலிருந்து மட்டக்களப்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற என் தம்பியிடம் அன்றே ஒரு கேனையும், தண்ணீருக்குள் காற்று ஊதும் உங்கள் பெட்டரி மோட்டாரையும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் குட்டி இறால்கள் உயிரோடு வந்தன. "கடல் தண்ணியோடயே கொண்டாந்துட்டேன்க்கா" என்றான். இறாலை மட்டும் வலையில் அள்ளிப் போட்டிருக்கலாம். நான் கேனைத் தூக்கி அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். நீங்கள் கரைத்த தண்ணீர் என்ன இருந்தாலும் செய்த தண்ணீர்தானே, பாவம், அது பிறந்த ஊர்த் தண்ணீர் ஒரு வாய் பட்டால் தெம்பு வரும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தொரை பாய்ந்து பாய்ந்து தின்றது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, "ஏங்க, தின்னுருச்சுங்க!" என்றேன். உங்கள் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"என்ன குடுத்த?"

"நீங்க வச்ச ஐஸ் இறாலுதாங்க."

"கைய இப்புடி ஆட்டினியா?" ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினீர்கள்.

"ஆமாங்க."

அன்று மாலை நீங்கள் அரைக் கோப்பை கஞ்சி குடித்தீர்கள். பொய் சொன்னதற்காக நான் அன்று கொஞ்சமும் வருந்தவில்லை.

மூன்றாம் நாள் தொரையின் உடம்பில் கோதுமை மா தூவியது போல் ஏதோ படிந்திருந்தது. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. நீங்கள் உப்பு வாங்கும் மீன் கடைக்குப் போன் போட்டேன். "கேன் தண்ணியையும் ஊத்துனீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். கடல் மீனைப் பிடிக்கிற கிருமி கடல் தண்ணீரில்தான் இருக்கும், அதைக் கையாலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்ன மருந்து வந்து சேர்வதற்குள், செவ்வாய்க்கிழமை, தொரை தொட்டியின் அடியில் சரிந்து கிடந்தது. உங்கள் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

மறுநாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இனி மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை, அவரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார், இன்றைக்கே கூட்டிப்போங்கள் என்றார். உங்களிடம் வந்தேன். நீங்கள் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"போவமா? தொரைய பாத்து எத்தன நாளாச்சு."

எனக்கு அந்த வெறும் தொட்டிதான் கண்முன் வந்தது. கொழும்பில் அதே மாதிரி மீன் ஒன்று வாங்கி ஞாயிற்றுக்குள் கொண்டுவந்துவிடச் சொல்லித் தம்பியிடம் காலையிலேயே கெஞ்சியிருந்தேன். அதுவரை சமாளித்தால் போதும் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம போவோங்க. டாக்டரு இன்னும் விடலியே" என்றேன்.

"சரி" என்று படுத்துக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டீர்கள். தம்பிக்குப் போன் போட்டு, மீன் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பீர்களா? "போனா போகுது புள்ள" என்று சொல்லிவிட்டு, வெறும் தொட்டிக்கு முன்னாலாவது இரண்டு நாள் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கட்டிலில், உங்கள் தலையணையில் போயிருப்பீர்கள். ஒரு மீனுக்காக உங்களிடம் பயந்துவிட்டேன். உங்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதே இல்லையே.

கொழும்பிலிருந்து மகள் வரும்போதெல்லாம் உங்கள் படத்துக்கு முன் நின்று அழுகிறாள். "அந்த டாக்டரு மட்டும் விட்டிருந்தா அப்பா வீட்டுலதாம்மா கண்ண மூடியிருப்பாரு" என்கிறாள். போன வாரமும் சொன்னாள். நான் "ம்" என்று சொல்லிவிட்டு அவளுக்குச் சோறு போட்டேன். டாக்டர் அன்றைக்கே விட்டுவிட்டார். விடாதவள் நான்.