இரண்டு வருடத்துக்கு ஒரு பெயர்

ஜூன் 17, 2025, செவ்வாய்

இன்றும் ஒரு ‘வருந்துகிறோம்’. வேலை தேடலில் இது நாற்பத்தொன்றாவது.

காலையில் சென்னையிலிருந்து ஒரு ஹெச்.ஆர் பெண் கூப்பிட்டாள். நாலு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்றதும் குரலில் ஒரு மரியாதை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்றாள். தான்சானியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி, நோயாளிகள் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன், தன்னார்வலராக என்றேன்.

“ஓ, சம்பளம் இல்லையா? அப்போ கேப்னு போட்டுக்கறேன் மேம்.”

கேப், வெறும் இடைவெளி. இரண்டு மழைக்காலம், ஒரு மலேரியா, பதினோராயிரம் பேருடைய பதிவு. எல்லாம் சேர்ந்து கேப்! சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். சரிங்க என்று ஏன் சொன்னேன்?

ஜூன் 20, வெள்ளி

மெயில் எதுவும் இல்லை. அம்மா இரண்டு தடவை வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 29, ஞாயிறு

மார்க்கெட்டில் வேல்சாமி சித்தப்பா பிடித்துக்கொண்டார். அப்பாவோடு மில் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர். “ஏத்தா யோகேசு, ஆப்பிரிக்கால பெரிய கம்பெனில மேனேசரா இருந்தியாமே. எம் மருமவனுக்கும் அங்கன ஒரு வழி பண்ணிக் குடு, ஆத்தா” என்றார். கையில் கத்தரிக்காய்ப் பையோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தேன். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்த மனுசன், எதிரே நிற்கிற என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஏன்ப்பா பொய் சொன்னீங்க?

“வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத? கல்யாண வயசுப் பொட்டப்பிள்ளய, சம்பளமில்லாத வேலைக்கு அம்புட்டுத் தூரம் அனுப்பிருக்கேன்னா எவன் நம்புவான்? வேற என்னமோன்னுல்லா பேசுவான்.”

அதற்காகப் பொய்யா, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். அந்த வார்த்தையை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

ஜூலை 12, சனி

ஒரு கம்பெனி இன்டர்வியூவில் மூன்று சுற்று முடித்தேன். டெக்னிக்கலில் அந்த ஆளே “குட், வெரி குட்” என்றான். நாலாவது ஹெச்.ஆர். அங்கே போய் விழுந்தேன். “இவ்ளோ நாள் இண்டஸ்ட்ரியில இல்லாம இருந்திருக்கீங்களே.”

கூடப் படித்த பானுப்பிரியாவுக்குப் போன் போட்டு அழுதேன். இப்போது அவள் சென்னையில் டீம் லீட். “ஏட்டி, அந்த வாலன்டியர்ங்கிற வார்த்தையத் தூக்கிட்டு இன்ஜினியர்னு போடு. நீ செஞ்சது இன்ஜினியர் வேலதான? யாரு கேக்கப் போறா?”

முடியாது என்றேன். ரொம்ப நல்லவள் மாதிரி.

ஜூலை 19, சனி

ஐம்பத்து மூன்று ‘வருந்துகிறோம்’. இனி எண்ணப் போவதில்லை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கூட்டத்தில் செருப்பு ஒன்று போயிற்று. தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் செட்டியார்பட்டி அத்தை. “என்னத்தா, லீவு முடிஞ்சு எப்பப் போறே? உங்கப்பன் சொன்னான், அங்கன உனக்குக் கார் எல்லாம் குடுத்திருந்தாகளாமே.”

கார்! ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர் நடந்துதான் போவேன்.

நான் மறுக்கவில்லை. “பாக்கணும் அத்தை” என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் மட்டுமல்ல, எல்லாமே சுட்டது.

வந்ததும் ரெஸ்யூமைத் திறந்தேன். தேதி, ஊர், ஆஸ்பத்திரி எல்லாம் அப்படியே. ‘தன்னார்வலர்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ என்று அடித்தேன். அரை நிமிட வேலை. அப்பாவைப் பார்த்து வெட்கமாக இல்லையா என்று கேட்ட அதே யோகேஸ்வரிதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கிடைத்துவிட்டது.

சென்னை. செப்டம்பர் பதினைந்தில் சேர வேண்டும். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வரியைப் பார்த்தார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஒரு சொல்தான் வித்தியாசம், தெரிகிறதா?

அப்பா பால்கோவா வாங்கி மில் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கும் ஒரு விள்ளல் ஊட்டிவிட்டார். இரண்டு மாதமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. அந்தச் சொல்லை மாற்றித்தான் வேலை கிடைத்தது என்று அவரிடம் சொன்னேன். “அப்பா சொன்னப்ப திட்டுனியே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். சொல்லியிருந்தால் தேவலாம்.

சரிபார்ப்புக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பழைய மேலதிகாரியின் பெயர், மெயில். ஆஸ்பத்திரியை நடத்துகிற மாமா நீமாவின் பெயரைப் போட்டேன். அங்கே பெரிய பெண்களை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மாவுக்கு இன்னமும் சிரிப்பு: “பொம்பளையப் போயி மாமாங்குறாளே.”

அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். ‘யாராவது கேட்டால் நான் அங்கே இன்ஜினியராக இருந்தேன் என்று...’ அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். மருந்து ஸ்டாக் புத்தகத்தில் ஒரு மாத்திரை குறைந்தாலும் அதை நேராக எழுதி வைக்கிறவர். அவரிடம் எப்படிக் கேட்பேன்? கேட்காவிட்டால்? ஒருவேளை மெயில் அவருக்குப் போகாமலே இருக்கலாம். அங்கே நெட் பாதி நாள் இருக்காது. நெட் இருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிற நாளும் வந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

‘சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது.’ அம்மா பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போயிற்று. ‘தாங்கள் அளித்த விவரத்துக்கும் முன்னாள் நிறுவனம் அளித்த விவரத்துக்கும் முரண்பாடு இருப்பதால்’. இரண்டே வரி.

மத்தியானம் மாமா நீமாவே தன் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் முழுக்க. யோகேஸ்வரி எங்கள் ஊழியர் இல்லை, தன்னார்வலர். இரண்டு வருடத்தில் ஒரு ஷில்லிங்கூட வாங்கவில்லை. கரண்ட் போன நாட்களில் டார்ச் அடித்துக் காகிதத்தில் எழுதி வைத்து, வந்ததும் ஏற்றுவார். பிரசவத்தில் மயங்கி வந்த பெண்ணின் இரத்த வகையை இவருடைய பதிவில்தான் கண்டுபிடித்தோம், தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். எங்களால் இவருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை, இந்தக் கடிதம்தான் கொடுக்க முடிகிறது. தயவுசெய்து இவருக்கு வேலை கொடுங்கள்.

கீழே எனக்குத் தனியாக ஒரு வரி: ‘மகளே, நன்றாக எழுதியிருக்கிறேனா? எப்போது சேருகிறாய்?’

ஐயோ. என்ன பதில் சொல்வேன் நான்? உங்க கடிதத்தாலதான் போச்சுன்னா? இல்ல, என்னாலதான் போச்சுன்னா? இப்படி ஒரு கடிதத்த முன்னாலயே கேட்டு வாங்கி ரெஸ்யூமோட வச்சிருந்தா என்னட்டி கெட்டுப் போயிருக்கும்? கேக்கணும்னே தோணலியே எனக்கு. நானே அத வெறும் கேப்புன்னுதான நெனச்சிருக்கேன்.

செப்டம்பர் 10, புதன்

எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அம்மா ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டாள்.

மத்தியானம் அப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “அந்தம்மா என்ன எழுதிருக்காவ? தமிழ்ல படி” என்றார். படித்தேன். பிரசவத்துக்கு வந்த பெண் விஷயம் வந்ததும் “செத்த நில்லு, அதைய இன்னொருக்கா படி” என்றார். படித்தேன்.

“இதெல்லாம் நீ எங்கிட்டச் சொல்லலியே தாயி.”

நீங்க கேக்கலியே அப்பா என்றேன். சண்டைக்காகச் சொல்லவில்லை. “நா ஊருக்குள்ள சொன்னதத்தான் நீ கம்பெனில சொல்லிருக்க. எம் புத்திதான் உனக்கு” என்றார்.

மாமா நீமாவுக்கு இரண்டே வரி எழுதினேன்: வேலை கிடைக்கவில்லை, தவறு என்னுடையது, கடிதம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

ரெஸ்யூமில் பழைய சொல்லைத் திரும்பப் போட்டுப் பத்து நாள் ஆயிற்று. ஏழு இடத்துக்கு அனுப்பினேன், ஏழிலிருந்தும் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் உடனே கதவு திறக்குமா என்ன.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபுக்கு ஆள் எடுக்கிறார்களாம். உதவியாளர், ஆறு மாத ஒப்பந்தம். டெஸ்டிங்கில் என் கீழே வேலை பார்த்தவர்கள்கூட இதற்கு மனுப் போட மாட்டார்கள். போட்டுவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

லேப் வேலையில் முதல் நாள். காலையில் கல்லூரி பஸ்ஸுக்கு நின்றபோது அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சுற்றிலும் பேக் மாட்டிய பிள்ளைகள், எல்லாம் என்னைவிடப் பத்து வயது இளையது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

வேல்சாமி சித்தப்பா பைக்கை நிறுத்தினார். “என்னண்ணே, மக மறுக்காவும் பாரினா?”

அப்பா என்ன சொல்வாரோ. புரொபசர் என்பார், அதுதான் அவர் வழக்கம்.

“இல்லப்பா. காலேசுல லேப் அசிஸ்டென்ட். டெம்ப்ரவரிதான்” என்றார் அப்பா. அதோடு விடவில்லை, “ஆப்பிரிக்காலயும் அவ மேனேசர் இல்ல, வேல்சாமி. ஆஸ்பத்திரில சம்பளம் வாங்காம வேல பாத்தா. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“சம்பளம் வாங்காமயா? ரெண்டு வருசமா? அங்கன அப்பிடி என்னத்தா வேல பாத்த?”

என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த ஐந்து மாதத்தில் ஒரு ஹெச்.ஆரும் தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்காத கேள்வி. பஸ் வந்துவிட்டது.

“சாயங்காலம் வந்து சொல்றேன் சித்தப்பா” என்று ஏறிக்கொண்டேன்.