கதிரைக்குரிய ஆள்

வோபர்ன், ஸ்காபரோ, கனடா
செப்ரெம்பர் மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி மாக்கசுக்கு,

அக்கா வேரோனிக்கா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். அப்பாவின் கையையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டு அப்படி எழுத மனம் வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா தெரியாது. ரீவியில் பார்த்தபோது கழுத்து மெலிந்திருந்தது.

வட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். தொலைபேசியில் கதைத்தால் நீ இரண்டு பகிடி விட்டுத் தப்பிவிடுவாய், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். பிறகு கோப்பை கழுவும்போதுதான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை என்று நினைவு வரும். சின்னம்மாவின் மகள் ஷரோன் வேலை விசயமாக லொஸ் ஏஞ்சல்ஸ் வருகிறாள். அவளிடம் மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். தூளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு வை, பிளாஸ்ரிக்கில் விட்டால் வாசம் போய்விடும்.

கேட்க வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டு அதை விட்டுவிடுவேன். அன்புராசா நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் பதில் கேட்டிருக்கிறார். அவர் எட்மன்ரனுக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கலியாணம் செய்துகொண்டு அங்கே வரச்சொல்லி முன்னம் கேட்டபோதெல்லாம், தம்பி வரட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த முறை, உங்கடை தம்பி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாய்ப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இந்தக் கோயிலையும் இந்தச் சனத்தையும் விட்டு எட்மன்ரன் குளிருக்கு வரமாட்டார்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டு நானும் போகமாட்டேன். எனக்கும் நாற்பது கிட்டுகிறது. நீ வீட்டுக்கு வருவாயா, அதுதான் கேட்க வந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். ஷரோன் வட்ஸ்அப்பில் உனக்குக் கொஞ்சம் எழுதியிருப்பாள், ஆனால் அவள் எல்லாம் சொல்லியிருக்க மாட்டாள்.

அமெரிக்க ரீவிக்காரருக்கு வருசாவருசம் விருது கொடுக்கிற எமி விழாவில் நானும் இருப்பேன், பாருங்கோ என்று நீ அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாய். அவ்வளவும்தான் சொன்னாய் என்பதை நான் நம்புகிறேன். மிச்சத்தை அம்மா போட்டுக்கொண்டா. சும்மா ஆட்களை ஏன் கூப்பிடுகிறார்கள், ஏதாவது கொடுக்கத்தானே என்பது அவவின் கணக்கு. எங்கள் ஆட்களின் விழாக்களில் வாசலில் கார் மறிக்கிறவனுக்கும் கடைசியில் ஒரு பொன்னாடை விழும். அதைப் பார்த்துப் பழகின மனுசி வேறென்ன நினைப்பா? நான் உன்னிடம் எதற்குப் போகிறாய் என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். நீ சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாய்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அம்மா கோயிலில் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்துவிட்டா. விருது கிடைக்க முன்னமே நன்றியா என்று கேட்டேன். முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டால் ஆண்டவர் பிறகு கையை விரிக்கமாட்டார் என்றா. ஞாயிறு காலைப் பூசையில், எமி விருது பெறும் எங்கள் பங்கின் மகன் மாக்கசுக்காக என்று பங்குச் சுவாமியார் வாசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் அப்பா தலையை நிமிர்த்தினார். ஸ்ரோக் வந்து ஒரு கை விழுந்தபிறகு அவருடைய தலை அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. அம்மாவின் கோயில் கூட்டாளி அன்ரனெற் அன்ரி றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தா. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த அன்ட்ரூ அங்கிள் உன் பெயர் போட்ட கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த விருதுச் சிலைக்குச் செட்டை இருக்கிறது அல்லவா, அதைப் பார்த்து அன்ரி அது ஆண்டவரின் தூதன், சம்மனசு என்றே முடிவுகட்டிவிட்டா. வீட்டில் எங்கே வைப்பது, மாதா படத்துக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று அம்மாவும் அவவும் யோசித்தார்கள். நான் அப்பாவுக்கு முகம் வழித்து, அவர் கேட்டபடி ரை கட்டி, கோட்டும் போட்டுவிட்டேன். சொந்த வீட்டில் ரீவி பார்க்கிறதற்குக் கோட்டுப் போட்ட மனுசன் கனடாவில் அவர் ஒருவராய்த்தான் இருப்பார்.

விழா முழுக்க எங்கள் ஆட்களுக்கு விளங்காத இங்கிலீசு. ஒரு பெயர் வாசிக்கும்போதெல்லாம் அம்மா செபமாலையை இறுக்கிப் பிடிப்பா. யாரோ ஒருவர் எழும்பிப் போய் அழுதுகொண்டு கதைப்பார். அடுத்தது இவன்தான் என்று அன்ட்ரூ அங்கிள் தேர்தல் முடிவு சொல்கிறவர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். 

பிறகு நீ வந்தாய். பச்சை உடுப்புப் போட்ட ஒரு நடிகைக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டோடு, கை தட்டிக்கொண்டு. வீடே எழும்பி நின்றது. அம்மா ரீவியைக் கொஞ்சப் போனா. மறைக்காதேங்கோ என்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், பொய் சொல்லக்கூடாது. நீ நல்ல வடிவாய் இருந்தாய்.

விளம்பரம் முடிந்து பார்த்தால் உன் கதிரையில் ஒரு தடித்த வெள்ளைக்காரர். பரிசு கொடுக்க உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று அன்ட்ரூ அங்கிள் விளக்கம் சொன்னார். கொஞ்ச நேரத்தால் நீ வேறொரு வரிசையில் ஒரு கிழவனுக்குப் பக்கத்தில் இருந்தாய். பிறகு இன்னோரிடத்தில். ஒருமுறை கமரா கொஞ்சம் முந்திவிட்டது. ஒரு பெண் தன் இடத்துக்கு வர, நீ சட்டென்று எழும்பி, அவளைப் பார்த்துச் சிரித்து, குனிந்தபடி ஓரத்தால் போய் மறைந்தாய். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

இவன் ஏன் இடத்துக்கிடம் மாறிக்கொண்டிருக்கிறான் என்று அன்ரனெற் அன்ரி ஷரோனைக் கேட்டா. ஷரோன் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய அரைத் தமிழில் மெல்லச் சொன்னாள். பெரிய ஆட்கள் மேடைக்கோ வெளியிலோ போனால் ரீவியில் வெறும் கதிரை தெரியக்கூடாதாம். அதற்காக நல்ல உடுப்புப் போட்ட ஆட்களைக் கொண்டுவந்து இருத்துவார்களாம். கதிரைக்குரிய ஆள் திரும்பி வந்தவுடன் எழும்பிவிட வேண்டுமாம். சம்பளம் உண்டோ என்று அன்ட்ரூ அங்கிள் கேட்டார். இல்லையாம்.

கேக் வெட்டாமல் மேசையில் இருந்தது. அம்மா செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். இப்போதெல்லாம் ஒரு வசனம் முடிக்க அவருக்கு மூச்சு வாங்கும், நாங்கள்தான் மிச்சத்தை முடித்துக் கொடுப்போம். அன்றைக்கு நான் தொடங்கவே கையைக் காட்டி மறித்துவிட்டார்.

"ஆரின்ரை கதிரையெண்டாலும் என்ரை பிள்ளை நிமிந்துதான் இருந்தவன். கேக்கை வெட்டுங்கோ."

வெட்டினோம். அன்ரனெற் அன்ரி முதல் துண்டை அப்பாவின் வாயில் தீத்தினா. எல்லாரும் சாப்பிட்டு, உன்னை வடிவாய் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கார் ஏறின பிறகு என்ன சொல்லியிருப்பார்கள் என்பது வேறு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? அடுத்தநாள் சுவாமி அம்மாவுக்குப் போன் எடுத்து, ஆண்டவருக்குச் சொன்ன நன்றி ஒருநாளும் வீண்போகாது என்றாராம். அப்படியென்றால் வாற வருசத்துக்கு வைத்திருக்கட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறா. ஆனால் இந்தக் கிழமை அவ கோயில் பக்கம் போகவில்லை.

நீ வெட்கத்தில்தான் தொலைபேசியை எடுக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்கு வெட்கம் வரவில்லை தம்பி. எனக்கு வந்தது பொறாமை. நீ எழும்பிய அந்த இடத்தை ஷரோனின் போனில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் வந்தாள், உன் வேலை முடிந்தது, நீ சிரித்துக்கொண்டு போய்விட்டாய்.

இங்கே என் இடத்துக்கு ஒருவரும் வருவதாய் இல்லை. பெரியப்பாவின் செத்தவீட்டில் பெட்டி தூக்க எங்கள் வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிட்டபோது எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். நான் போய்ப் பிடித்தேன். அந்தோனியார் திருநாளில் அவருடைய சுருவச் சிலையைத் தூக்கிக் காவும்போது எங்கள் வீட்டுப் பக்கத்தில் என் தோள்தான் இருக்கிறது. முதன்முதல் அப்பாவுக்கு முகம் வழிக்கப் போனபோது, மகள் வழிக்கிறதா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது கத்தியைக் கண்டதும் தானே தாடையைத் தூக்கித் தருகிறார். அது எனக்கு முந்தியதைவிடக் கவலை. விடிய எழும்பி வேலைக்குப் போய் ஆட்களின் கையில் நரம்பு தேடி இரத்தம் எடுக்கிறேன். நரம்பு அகப்படாவிட்டால் அவர்களிடம் பேச்சு வாங்குகிறேன். பிறகு வந்து அப்பாவைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் நல்லாய்க் களைத்துப்போனேன். இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

உன் விசா முடிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை, பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வராதபோதே விளங்கிவிட்டது. சூட்டிங் இருக்கிறது என்றாய். அம்மா நம்பினா. எல்லை தாண்டி இங்கே வந்தால் உன்னைத் திரும்ப அங்கே விடமாட்டார்கள். ஆகவே நான் கேட்பது இரண்டு கிழமை லீவு இல்லை. உன் நடிப்பு ஆசையை அங்கேயே வைத்துவிட்டு வா என்று கேட்கிறேன். அப்படி ஒரு அக்கா கேட்கலாமோ என்று மூன்று நாளாய் யோசித்தேன். யோசித்தும் கேட்கிறேன்.

இங்கேயும் அமெரிக்க நாடகம் எடுக்கிறார்கள். போனமாதம் எங்கள் பிளாசாவுக்கு நியூயோர்க் என்று பலகை மாட்டி ரோட்டை மறித்துவிட்டார்கள், பஸ் சுற்றிப் போய் நான் வேலைக்குப் பிந்திவிட்டேன். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்த உலகம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா இப்போது ஒவ்வொரு நாளும் அந்தோனியார் படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்துகிறா. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர் அல்லவா. என்ன தொலைந்தது என்று கேட்டால், வீட்டுப் பூட்டின்ரை திறப்பைக் காணேல்லை என்கிறா. திறப்பு கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. அவ அதற்குக் கீழேதான் சப்பாத்துக் கழற்றுகிறா.

நத்தாருக்கு முன்னம் வா. வர ஏலாது என்றால் அதையாவது எழுதிவிடு, நான் அன்புராசாவைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உன்னில் கோபம் வைக்கமாட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் அது உண்மையாய் இருக்குமோ தெரியாது.

வந்தாயென்றால் ஒன்று சொல்கிறேன். கதவைத் திறந்து நீ உள்ளே வரும்போது, இத்தனை வருசம் எங்கே போனாய் என்று ஒரு சொல் கேட்கமாட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கிற கதிரையிலிருந்து எழும்புவேன். நீ அந்தப் பெண்ணுக்கு எழும்பினாயே, அதே மாதிரிச் சிரித்துக்கொண்டு எழும்புவேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு வரட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அக்கா,
வேரோனிக்கா