பைன் மரத்திலிருந்து பதினொரு சப்பாத்து

சித்தப்பா,

உங்கள் நீல ஜக்கெற் இன்று என் விரலை வெட்டிவிட்டது.

குளிர் தொடங்க முன்னம் யாருக்காவது உதவட்டும் என்று அம்மா உங்கள் உடுப்புகளைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். பொக்கற்றுகளைத் தடவிப் பார்க்கும் வேலை எனக்கு. பார்க்கிங் துண்டுகள் இரண்டு, உருகி ஒட்டிப்போன ஒரு ரொபி, உள் பொக்கற்றில் எதையோ சுற்றி மடித்த கடதாசி. கையை விட்டேன், சுரீர் என்றது. வெளியே எடுத்தால், நகத்தளவில் கறுப்பாக மினுங்கிக்கொண்டு அந்தக் கல்! ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு யாரோ உடைத்துத் தீட்டியது. இன்னும் கூர் போகவில்லை. எங்கள் வீட்டுக் கத்தி ஐந்து மாதம் தாங்காது.

"என்னடி, ரத்தம்?" என்று அம்மா கேட்டார்.

"சித்தப்பா கடிச்சிட்டார்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மா பிளாஸ்ரர் எடுக்கப் போனார். நான் கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் பொக்கற்றுக்குள் அதைப் போட்டதே நான்தான்.

போன வருட மார்ச் விடுமுறை ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போனார்கள். நீங்கள் விமான நிலையத்தில் வேலை செய்பவர், காலியாக இருக்கிற இருக்கையில் போகலாம். அதை வைத்துக்கொண்டு குவாத்தமாலா மலைகளுக்குப் போவோம் என்றீர்கள்.

"அங்க என்ன கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"கல்லு," என்றீர்கள்.

"கல்லுப் பாக்கவோ இவ்வளவு தூரம்?"

"கல்லாதவங்கள் நாங்கள், அண்ணி. போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

"மாயன் நாட்டில போய் ரெண்டுபேரும் மாயமாகாமல் வாங்கோ," என்றார் அம்மா. எனக்கு இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று இனியும் யாரும் கேட்கக் கூடாது.

மலையூரான தெக்பானுக்கு ஏறிய பஸ் நினைவிருக்கிறதா? சிவப்பும் பச்சையும் பூசி, முன்னுக்குப் பூமாலை வரைந்திருந்தார்கள். உள்ளே போனால் எங்கள் மோர்னிங்சைட் பள்ளிக்கூட பஸ்ஸின் அதே மண்ணிற இருக்கைகள், 'எழுந்து நிற்காதே' என்ற அதே ஆங்கில ஸ்ரிக்கர். ஓய்வு பெற்ற பிறகு மலை ஏற வந்திருக்கிறது என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே முட்டைக்கோவாவும் சோளமும் சரிவுகளில் தொங்கின. அவற்றுக்கு மேலே எரிமலைகள், ஒன்று சும்மா இருக்க மற்றது புகைத்துக்கொண்டு. அந்த உயரத்துக் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. வெயில் நாட்டுக்கு ஜக்கெற் எதற்கு என்று உங்களைப் பகிடி பண்ணியவள், பழைய மாயன் நகரமான இஷிம்சேயின் வாசலில் அதையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று பக்கமும் கிடங்கு போலப் பள்ளத்தாக்கு, நடுவில் பைன் மரங்கள், புல், அடுக்கடுக்காகக் கல் மேடைகள். கையேட்டில் 'தொலைந்த நகரம்' என்று போட்டிருந்தது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

"துலைஞ்சதாம்! பக்கத்து வீட்டு ஆக்களிட்ட ஒருக்காக் கேட்டுப் பாத்தவங்களே?"

தொலைந்த பெட்டிகள் பகுதியில் இருபது வருடம் இருந்தவருக்கு அந்தச் சொல்லில் ஒரு மரியாதை இருந்தது. மேடைகளின் பின்னால், பைன் மரங்களுக்கு அடியில், ஒரு குடும்பம் நெருப்பு வளர்த்து மெழுகுதிரியும் சீனியும் பிசினும் போட்டு வணங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புகை எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. நான் படம் எடுக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினீர்கள். "வீட்டுக்காரர் வீட்டில நிக்கினமடி," என்றீர்கள்.

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நான் எழுதமாட்டேன். ஒரு துருப்பிடித்த தகட்டைப் பத்து நிமிடம் குனிந்து ஆராய்ந்தீர்கள்; அது சோடாப் போத்தல் மூடி. அந்தக் காலத்தில் பந்து விளையாடிய மைதானத்தை, இரண்டு பக்கமும் சாய்ந்த சுவர்களோடு கண்டதும், நான் ஸ்கேற்போர்ட் பார்க் என்றேன். நீங்கள் குளியல் தொட்டி என்றீர்கள். இரண்டும் இல்லை என்று அங்கே நின்ற காவலாளி தலையாட்டினார்.

ஆனால் ஒன்று சொன்னீர்கள். சீட்டுக் கழன்ற பெட்டி வந்தால் நீங்கள் முதலில் அதற்குள் கை வைப்பதில்லையாம். மேலே என்ன, கீழே என்ன, எதோடு எது ஒட்டி இருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் எடுப்பீர்களாம். "எல்லாத்தையும் கிளறிப்போட்டால், பிறகு அது பெட்டியில்லை, குப்பை." அங்கே ஆராய்ச்சிக்காரர் தோண்டிய ஒரு வெட்டுக்குழி இருந்தது. மேடைக்குள் இன்னொரு பழைய மேடை, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கும் மேல் புது மேடை. "பார், இவையும் எங்கட ஆக்கள் பெட்டி அடுக்கிற மாதிரித்தான் அடுக்கியிருக்கினம்," என்றீர்கள்.

எனக்குக் கேட்டது. காதில் மட்டும்.

ஏனென்றால் மைதானத்தின் ஓரத்தில் அந்தக் கறுப்புக் கல் மினுங்கியது. எரிமலை கக்கி உறைந்த கண்ணாடி. அடுத்த மலையிலிருந்து சுமந்து வந்து கத்தி செய்திருக்கிறார்கள் என்று காவலாளி சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். எதையும் எடுக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன், எழும்பும்போது கல் கையில். ஜக்கெற்றைத் திருப்பித் தரும்போது உள் பொக்கற்றில். திட்டம் என்னவென்றால், விமான நிலையச் சோதனையில் உங்கள் காதுக்குள் சொல்வது: "சித்தப்பா, உங்கட பொக்கற்றுக்குள்ள களவுச் சாமான்." மொன்றியலில் இருந்து வந்தபோது என் முதுகில் 'உரிமை கோரப்படாத பொதி' என்று சீட்டு ஒட்டி, வெளி வாசல் வரை நடக்கவிட்டவர் நீங்கள். அதற்குப் பழி.

கடைசி நிமிடத்தில் விமானத்தில் ஆளுக்கொரு மூலையில் இடம் கிடைத்தது. ஓடி ஏறியதில் மறந்துபோனேன். பிறகு ஞாபகம் வந்தபோது பயமாகப் போய்விட்டது. பிடிபட்டிருந்தால் உங்கள் வேலை என்னவாகியிருக்கும்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும் இடைக்கிடை, "என்னடி, எதையும் துலைச்சனியோ?" என்று கேட்பீர்கள். "இல்லையே," என்பேன். "சரி, கிடைச்சால் சொல்லு." அது உங்கள் தொழில் பகிடி என்று நினைத்தேன். இந்த வருடம் ஆனியிலும் கேட்டீர்கள். ஆடியில் நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

பிளாஸ்ரர் ஒட்டிய பிறகுதான் கல்லைச் சுற்றியிருந்த கடதாசியை விரித்தேன். உங்கள் வேலைத்தலச் சீட்டு. உங்கள் கையெழுத்து.

'பொருள்: கறுப்புக் கண்ணாடிக் கல், ஒன்று. கிடந்த இடம்: பந்து மைதானம், மேற்குச் சுவர் முடியும் முனை, ஒற்றைப் பைன் மரத்திலிருந்து சுவர்ப் பக்கமாகப் பதினொரு சப்பாத்து. கூரான பக்கம் மேலே. உரியவர்: அங்கேயே இருக்கினம். செய்ய வேண்டியது: திருப்பி வைத்தல். எடுத்தவர்:'

அதற்குப் பிறகு வெறுங்கோடு.

என் ஃபோனில் ஒரு வீடியோ இருக்கிறது, சித்தப்பா. 'சித்தப்பாவின் மயில் நடை' என்று பெயர் வைத்து எல்லாருக்கும் அனுப்பியது. மரத்தடியில் தொடங்கி, குதிக்காலை முன்விரலோடு முட்ட வைத்து, கைகளை விரித்துக்கொண்டு நடக்கிறீர்கள். பின்னால் நான் சிரித்துச் சாகிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

எல்லாவற்றையும் கண்டிருக்கிறீர்கள். அங்கேயே பேசியிருக்கலாம். நானாகச் சொல்லட்டும் என்று பதினாறு மாதம் அந்தக் கோட்டில் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தீர்கள். நீங்கள் செய்ததில் இதுதான் மிகப் பெரிய பகிடி; இதற்குப் பழிவாங்க எனக்கு வழியும் இல்லை.

ஓம் சித்தப்பா, நான்தான் எடுத்தனான். பேனை எடுத்து முழுப் பெயரும் எழுதிவிட்டேன்.

பிறகு கீழே ஓடினேன். உங்கள் பழுப்புச் சப்பாத்துகள் கட்டிய பைக்குள் போய்விட்டன. முடிச்சை அவிழ்த்து, எந்தப் பைக்குள், எதன் கீழே என்று பார்த்து வைத்துக்கொண்டு வெளியே எடுத்தேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"உது உனக்குப் பெரிசெல்லோ?"

"ஓம். பெரிசாத்தான் இருக்கவேணும்."

சீட்டைக் காட்டினேன். அம்மா இரண்டு முறை வாசித்தார். வீடியோவையும் பார்த்தார். ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு, "அங்க நல்ல குளிரோ?" என்று கேட்டார்.

நீல ஜக்கெற்றை அவரே பையிலிருந்து எடுத்து வைத்தார். சப்பாத்துகள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. முன்னுக்கு இரண்டு சோடி காலுறை அடைத்தால் நடக்க முடிகிறது. விறாந்தையில் பழகிக்கொண்டிருக்கிறேன், குதிக்காலை முன்விரலோடு முட்ட வைத்து. இப்போதைக்கு ஏழாவதில் விழுகிறேன்.